செப்ஸ்டோ கோட்டை வாட்டர்கலர் ஏலத்துக்கு வருகிறது: கெர்ட்டின் கைதானா?

கரையோரன் | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். பல வருடமாக இங்கே படிக்க மட்டும் வருகிறவன். இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை.

நான் பிரிஸ்டலில் இருக்கிறேன். பக்கத்து ஊர் ஏலக்கூடம் ஒன்று போன வாரம் தன் அட்டவணையை வெளியிட்டது. மேசை, கடிகாரம், பீங்கான் என்று நானூறு சொச்சம் பொருட்களுக்கு நடுவே ஒரு வாட்டர்கலர். வேல்ஸ் எல்லையில் இருக்கும் செப்ஸ்டோ கோட்டை, வை ஆற்றின் எதிர்க்கரையிலிருந்து பார்த்து வரைந்தது. சுண்ணாம்புப் பாறையின் விளிம்பில் கோட்டைச் சுவர். கீழே வற்றிக் கிடக்கும் ஆறு, சேற்றில் சாய்ந்து நிற்கும் ஒரு சரக்குப் படகு, ஓரத்தில் ஒரு மரப்பாலம். பாலத்துக்கு மேலே நாலைந்து காகங்கள். வானம் முழுக்க இளஞ்சிவப்பு. அந்த அந்தி வானம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

அளவு 26 × 37 செ.மீ. "தாமஸ் கெர்ட்டினுடையதாகக் கருதப்படுவது" என்று அட்டவணையில் இருக்கிறது. படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையில் பென்சிலால் "கெர்ட்டின் 1799" என்று எழுதியிருக்கிறது. மதிப்பீடு 600 முதல் 800 பவுண்டு. ஏலம் அடுத்த வியாழன்.

செவர்ன் பாலத்தைத் தாண்டினால் எங்களுக்கு அரை மணி நேரத்தில் செப்ஸ்டோ. கோடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு அந்தக் கரையில்தான் உட்கார்ந்திருப்போம். அதனால் படத்தைப் பார்த்ததும் மனது போய்விட்டது. ஆனால் 600 பவுண்டு எனக்குப் பெரிய பணம். இது கெர்ட்டின் கையாக இருக்குமா? வாங்கலாமா?

வண்ணக்கட்டி | திங்கள், இரவு 11.05

கரையோரன், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், தூக்கம் போய்விட்டது. நான் கோவையில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவள். வாட்டர்கலர் என்றால் எனக்கு முதலில் கெர்ட்டின், அப்புறம்தான் டர்னர். இரண்டு பேரும் 1775இல் பிறந்த ஆங்கிலேய ஓவியர்கள். டர்னர் 76 வயது வரை இருந்தார். கெர்ட்டின் 1802 நவம்பரில், 27 வயதில் போய்விட்டார். "டாம் கெர்ட்டின் இருந்திருந்தால் நான் பட்டினி கிடந்திருப்பேன்" என்று டர்னர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு.

அவருக்கு முந்தைய தலைமுறை பெரும்பாலும் முதலில் சாம்பல் நிறத்தில் நிழலை எல்லாம் போட்டு முடித்துவிட்டு, அதன் மேல் லேசாக நிறம் தடவும். கெர்ட்டின் நிறத்தையே நேராகத் தாளில் வைத்தார். பழுப்பு, காவி, மங்கிய நீலம் என்று கொஞ்சம் நிறங்களில் ஒரு முழு மலைச்சரிவின் காற்றைக் கொண்டுவந்துவிடுவார். லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கும் "செல்சியின் வெள்ளை வீடு" 1800ஆம் ஆண்டுப் படம். அந்தப் படத்தை அச்சில் பார்த்துத்தான் நான் தூரிகை பிடித்தேன்.

உங்கள் படத்தில் கோட்டைச் சுவரைப் பாருங்கள். கல்லுக்குக் கல் சின்னப் புள்ளி, கொக்கி போல ஒரு கோடு, மறுபடி புள்ளி. அது கெர்ட்டினின் பழக்கம். எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

பழஞ்சந்தை | செவ்வாய், காலை 7.20

தம்பி, கொஞ்சம் பொறுங்கோ. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, யார்க்ஷயரில் 30 வருசமாய் இந்த ஏலங்களுக்குப் போய் வருகிறவன். தங்கச்சி சொன்ன வரலாறு எல்லாம் சரி. ஆனால் படம் வாங்கப் போகிற ஆள் முதலில் வாசிக்க வேண்டியது அட்டவணையின் சொற்களை.

வெறுமனே "தாமஸ் கெர்ட்டின்" என்று முழுப்பெயர் போட்டிருந்தால், அது அவர் வேலைதான் என்று அவர்கள் பொறுப்பெடுக்கிறார்கள். "அவருடையதாகக் கருதப்படுவது" என்றால் இருக்கக்கூடும், ஆனால் பொறுப்பு இல்லை. "அவர் வட்டம்" என்றால் அவர் காலத்தில் அவரைச் சுற்றி இருந்த யாரோ. "அவர் பாணி" என்றால் பிற்காலத்து ஆளாகவும் இருக்கலாம். "அவரைப் பார்த்து" என்றால் நகல். கையெழுத்திலும் இதே கதைதான். "கையெழுத்திட்டது" என்றால் ஒன்று, "கையெழுத்து காணப்படுகிறது" என்றால் வேறு. இந்த வேறுபாடு விளங்காமல் என்னுடைய மூன்றாவது வருசத்தில் ஒரு படத்துக்கு 900 பவுண்டு கட்டினேன். ஐந்து வருசம் கழித்து விற்றபோது 110 கிடைத்தது. அந்தக் காசு என்ர மகளின் கல்லூரிச் செலவுக்கு வைத்திருந்த காசு. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்லுகிறேன்.

மவுண்டில் எழுதிய பென்சில் பெயரை ஒரு சாட்சியாய் எடுக்கவே கூடாது. மவுண்ட் அட்டையை யார் எப்போது வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். ஒரு பேரப்பிள்ளை நினைவிலிருந்து எழுதியிருக்கலாம், ஒரு கடைக்காரர் ஆசையில் எழுதியிருக்கலாம்.

இன்னொரு விசயம். அந்தக் காலத்தில் படம் பார்த்துப் படம் எழுதுவது சாதாரண பழக்கம். டாக்டர் மன்ரோ என்று ஒருவர், பெத்லெம் மனநல மருத்துவமனை வைத்தியர். லண்டனில் அடெல்ஃபி டெரசில் இருந்த தன் வீட்டுக்கு இளம் ஓவியர்களைச் சாயந்தரங்களில் கூப்பிடுவார். ஆறு மணிக்குப் போனால் பத்து மணி வரை வேலை. ஜான் ராபர்ட் கோசன்ஸ் என்ற பெரிய ஓவியர் மனநிலை குலைந்து மன்ரோவின் கவனிப்பில் இருந்தார். அவருடைய முடியாத கோட்டுச் சித்திரங்களைப் பார்த்து எழுதுவதுதான் பிள்ளைகளின் வேலை. கெர்ட்டின் கோடு போடுவார், டர்னர் மேலே வாஷ், அதாவது தண்ணீராய்க் கரைத்த நிறப்பூச்சு, கொடுப்பார். 1798இல் இவர்களே ஃபாரிங்டன் என்ற ஓவியரிடம் இதைச் சொல்லி, அவர் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். டர்னருக்கு ஓர் இரவுக்கு மூன்றரை ஷில்லிங். மூன்று வருசம் இது நடந்தது. 1833இல் மன்ரோ இறந்த பிறகு அவர் சேமிப்பு ஏலத்துக்கு வந்தபோது, டர்னரே போய் நிறைய வாங்கினார். அப்படியென்றால் இரண்டு மேதைகள் சேர்ந்து மூன்றாவது மேதையை நகல் எடுத்த தாள்கள் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பெயர் சொல்லுவது அவ்வளவு லேசான வேலை இல்லை.

வண்ணக்கட்டி | செவ்வாய், காலை 9.15

அண்ணா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் சுவரில் இருக்கும் அந்தப் புள்ளியும் கோடும்?

பழஞ்சந்தை | செவ்வாய், காலை 9.50

கெர்ட்டினின் அந்தப் பழக்கத்தை அவர் காலத்திலேயே இருபது பேர் பிடித்துக்கொண்டார்கள் தங்கச்சி. அவர் போன பிறகு இன்னும் கூட. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓவிய ஆசிரியர் வைப்பது அப்போது வழக்கம். ஆசிரியர் ஒரு மாதிரிப் படம் கொடுப்பார், பிள்ளைகள் அதையே எழுதும். கொட்மன் என்ற ஓவியர் 1809இல் 600 சித்திரங்களைச் சந்தா கட்டி இரவல் எடுத்துப் பார்த்து எழுத வைத்தார், நூலகம் மாதிரி. அப்படி எழுதியவர்களில் கைதேர்ந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

தாளும்தண்ணீரும் | செவ்வாய், மாலை 6.30

கரையோரன், நான் லண்டனில் தாள் ஓவியங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் 18 வருடமாக இருக்கிறேன். யார் கை என்ற கேள்விக்கு நான் வரவில்லை. நீங்கள் அந்தி வானம் என்று சொன்னதைப் பற்றி எழுதத்தான் வந்தேன்.

படத்தில் படகோட்டி ஒருவர் நிற்கிறார், பக்கத்தில் கூடையோடு ஒரு பெண். அவர்கள் நிழலைப் பாருங்கள். காலடியிலேயே குட்டையாக விழுந்திருக்கிறது. படகின் நிழலும் அப்படித்தான். சூரியன் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. உச்சி வெயிலில் வானம் எதற்கு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும்?

அந்தக் காலத்து ஓவியர்கள் மேகத்தின் சாம்பல் நிறத்தைப் பெரும்பாலும் இண்டிகோ நீலத்தையும் ஒரு செங்காவியையும் கலந்து செய்தார்கள். செங்காவி இரும்பு கலந்த மண், அது அப்படியே இருக்கும். இண்டிகோவை மெல்லிசாகத் தாளில் பூசினால் வெளிச்சத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும். நீலம் போன பிறகு காவி மட்டும் மிஞ்சும். ஜன்னலோரச் சுவர்களில் தலைமுறை தலைமுறையாகத் தொங்கிய எத்தனையோ மழை மேகங்கள் இப்படித்தான் ரோஜா நிறமாகிவிட்டன. மரங்களையும் பாருங்கள். பச்சை இருக்க வேண்டிய இடம் செம்பழுப்பாக இருக்கிறது இல்லையா? அங்கேயும் நீலம் போயிருக்கிறது.

இது இன்றைக்குக் கண்டுபிடித்த சங்கதி இல்லை. 1886இல் லண்டன் பத்திரிகையில் இதைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்தது. கடைசியில் ரஸ்ஸல், ஆப்னி என்ற இருவர் நிறங்களை வெளிச்சத்தில் வைத்துச் சோதித்து 1888இல் அறிக்கை கொடுத்தார்கள். ஹென்றி வாகன் என்ற சேகரிப்பாளர் தன்னிடம் இருந்த 38 டர்னர் வாட்டர்கலர்களை எடின்பரோவுக்கு விட்டுச் சென்றபோது, வெளிச்சம் மிகக் குறைந்த ஜனவரி மாதத்தில் மட்டுமே அவற்றைக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அதனால்தான் அந்தப் படங்கள் இன்றும் நிறத்தோடு இருக்கின்றன.

ஏலத்துக்கு முன் பொருட்களைக் காட்டும் பார்வை நாளில் போய், சட்டத்திலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நியாயமாகக் கேட்டால் மறுக்க மாட்டார்கள். மவுண்டுக்கு அடியில் மறைந்திருக்கும் விளிம்பைப் பாருங்கள். வெளிச்சம் படாத அந்த நாலைந்து மில்லிமீட்டரில்தான் படம் வரைந்த நாளின் வானம் இருக்கும். அப்புறம் தாளை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். கம்பி வரிசை போலக் கோடுகள் தெரிகிறதா, இல்லை சமமாக இருக்கிறதா? தாள் செய்யும்போதே அதில் பதியும் நீர்க்குறி இருக்கிறதா? ஒரு பூதக்கண்ணாடி கொண்டுபோங்கள், அந்தக் காகங்களையும் கிட்டத்தில் பாருங்கள். அவற்றைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

அவுரிக்காடு | செவ்வாய், இரவு 8.10

அக்கா, இதைப் படித்ததும் மனசு என்னவோ செய்தது. நான் திண்டிவனம் பக்கம். இண்டிகோ என்று நீங்கள் சொல்வது எங்கள் அவுரி. எங்கள் பக்கம் இன்றும் அவுரி போட்டு, தழையைத் தொட்டியில் ஊறவைத்து, தண்ணீரை அடித்து நுரைக்க வைத்து, அடியில் படியும் நீலத்தை எடுத்துக் கட்டியாக்குகிறோம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கம்பெனி ஆட்சியில் வங்காளத்திலிருந்து கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போனதும் இதே சரக்குதான். சாயக்காரர்களுக்குப் போனதில் ஒரு துளி ஓவியர் பெட்டிக்கும் போயிருக்கும் என்று இத்தனை நாள் எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆனால் ஒரு கேள்வி. அவுரித் துணி அவ்வளவு சீக்கிரம் வெளுக்காதே? என் தாத்தாவின் போர்வை இன்னும் நீலமாக இருக்கிறது.

தாளும்தண்ணீரும் | செவ்வாய், இரவு 8.45

நல்ல கேள்வி தம்பி. துணியைத் தொட்டியில் பல தடவை முக்குகிறோம், நூலுக்குள்ளே கனமாக நீலம் ஏறுகிறது. மேல் அடுக்கு வெளுத்தாலும் உள்ளே இருக்கிறது. வானத்துக்குப் போடும் வாஷில் இருப்பது தண்ணீரில் கரைத்த ஒரு நிழல் மட்டும்தான், வெளிச்சம் அதைச் சீக்கிரம் தின்றுவிடும்.

வண்ணக்கட்டி | புதன், காலை 6.50

ராத்திரி முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. அந்த இளஞ்சிவப்பு எப்படி வந்திருந்தாலும் இன்றைக்கு அது அழகாக இருக்கிறது. கரையோரன் அதைப் பார்த்துத்தான் படத்தை விரும்பினார். கோயில் கற்சிலைகளில் வண்ணம் போய்க் கல் மட்டும் நிற்பதை நாம் ரசிக்கிறோம். இதுவும் அப்படித்தானே? கெட்டுப்போன படம் என்று அதை எப்படித் தள்ளுவது?

தாளும்தண்ணீரும் | புதன், மதியம் 1.15

தள்ளச் சொல்லவில்லை. நானும் இப்படி வெளுத்த படம் ஒன்றை என் வீட்டில் வைத்திருக்கிறேன், தினமும் பார்க்கிறேன். ஆனால் சிலையில் வண்ணம் போனாலும் உருவம் முழுசாக நிற்கிறது. வாட்டர்கலர் நிலக்காட்சியில் தூரம், ஈரம், வெயில் எல்லாமே நிறத்தின் ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது. நீலம் போனதும் தூரத்து மலை முன்னால் வந்துவிடுகிறது, மேகம் எடையை இழக்கிறது. இந்தப் படத்தைச் செய்தவர் ஒரு மேகமூட்டமான பகலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பார்த்தது என்ன என்று தெரிந்துகொண்டு ரசிப்பது அவருக்கு நாம் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன்.

விலையிலும் இது தெரியும். கோசன்ஸின் "அல்பானோ ஏரி" 2010இல் சுமார் 24 லட்சம் பவுண்டுக்குப் போனது. டர்னரின் "நீல ரிகி" படத்தை டேட் 2007இல் 49.5 லட்சம் பவுண்டு கொடுத்துப் பொதுமக்கள் நன்கொடையோடு வாங்கியது. அந்தப் படத்தில் நீலமே இல்லாமல் போயிருந்தால் அந்தப் பேச்சே இருந்திருக்காது.

கரையோரன் | புதன், இரவு 10.20

எல்லோருக்கும் நன்றி. நேற்று படித்ததும் முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பிறகு நிழலைப் போய்ப் பார்த்தேன். அக்கா சொன்னது சரி, குட்டை நிழல். இத்தனை நாள் பார்த்தும் என் கண்ணில் படவில்லை.

என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். படத்தில் இருப்பது மரப்பாலம். இப்போது அங்கே இருப்பது ஐந்து வளைவுள்ள இரும்புப் பாலம், வாகனங்கள் இன்றும் அதில்தான் போகின்றன. அதைத் திறந்தது 1816இல். அப்படியென்றால் படம் 1816க்கு முந்தையதுதானே?

பழஞ்சந்தை | வியாழன், காலை 7.05

நல்லாய்க் கவனித்திருக்கிறீர்கள் தம்பி. இடத்தைத் தெரிந்த ஆளுக்குத்தான் இது தெரியும். ஆனால் ஒரு எச்சரிக்கை: அந்த ஆள் நேரில் நின்று எழுதியிருந்தால் மட்டும்தான் அது செல்லும். 1816க்குப் பிறகும் பழைய அச்சுப் படத்தைப் பார்த்து மரப்பாலத்தோடு எழுதியிருக்கலாம். செப்ஸ்டோவுக்கு அச்சுப் படங்கள் குவிந்து கிடந்தன. கில்பின் பாதிரியார் 1770இல் வை ஆற்றில் படகில் போய், 1782இல் அதைப் புத்தகமாய்ப் போட்டார். எந்தக் காட்சி படத்துக்கு ஏற்றது என்று அவர்தான் நாட்டுக்கே சொல்லிக்கொடுத்தார். அதே ஆற்றங்கரையில் உள்ள டின்டெர்ன் மடத்தின் இடிந்த முகப்புகள் போதுமான அளவுக்கு இடியவில்லை, ஒரு சுத்தியலை அளவாய்ப் பயன்படுத்தினால் நல்லது என்று எழுதும் அளவுக்கு அவருக்கு இதில் பிடிவாதம். 1793இல் பிரான்சோடு போர் தொடங்கி ஐரோப்பியப் பயணம் நின்ற பிறகு கூட்டம் இன்னும் கூடியது. ரோஸ் என்ற ஊரில் படகு ஏறினால் இரண்டு நாளில் செப்ஸ்டோ. கூடவே தாளும் வண்ணக்கட்டியும். ரீவ்ஸ் சகோதரர்கள் வண்ணத்தைச் சின்னக் கட்டியாய் ஆக்கி 1781இல் அதற்கு வெள்ளி வண்ணத்தட்டுப் பரிசு வாங்கியிருந்தார்கள். அதனால் சட்டைப்பையில் பெட்டியை வைத்துக்கொண்டு யாரும் வெளியே போய் எழுதலாம் என்று ஆகிவிட்டது.

உங்கள் படத்தை எழுதியவரும் அப்படி ஒரு படகில் வந்து இறங்கியவராய் இருக்கலாம்.

கரையோரன் | சனி, மாலை 4.30

பார்வை நாளுக்குப் போய் வந்தேன். ஏலக்கூடத்துப் பெண்மணி பொறுமையாகச் சட்டத்தைப் பிரித்து, தானே தாளைத் தூக்கிக் காட்டினார். நடந்ததை ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

முதலில் விளிம்பு. மேலே ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு பட்டை. சாம்பல் கலந்த நல்ல நீலம், மழைக்கு முன்னால் வரும் மேகத்தின் நிறம். அதற்குக் கீழே ஒரு கோடு கிழித்தது போல இளஞ்சிவப்பு தொடங்குகிறது. நான் அசந்து நின்றுவிட்டேன். அந்தப் பெண்மணியும் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அந்தக் கரையில் நாங்கள் உட்கார்ந்திருக்கும்போது எத்தனையோ தடவை அதே மேகம் தலைக்கு மேல் வந்திருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காருக்கு ஓடியிருக்கிறோம்.

அடுத்தது காகங்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒன்றின் இறக்கை ஓரத்தில் வெள்ளை இருக்கிறது. மீதியெல்லாம் ஈயம் போலக் கறுத்து, லேசாகப் பளபளக்கிறது.

கடைசியில் நீர்க்குறி. தாள் சமமாக இருக்கிறது, கம்பிக் கோடு இல்லை. ஓரமாக வெட்டுப்பட்டிருப்பதால் முழுப்பெயர் இல்லை. வாட்மன் என்ற தாள் தயாரிப்பாளர் பெயரின் கடைசி மூன்று ஆங்கில எழுத்து, அதற்குக் கீழே 04.

தாளும்தண்ணீரும் | சனி, மாலை 5.10

அவை கடற்காகங்கள்! வெள்ளைப் பறவைகள். ஈய வெள்ளையில் வைத்திருக்கிறார், நிலக்கரிப் புகையும் விளக்கு வாயுவும் நிறைந்த வீட்டுக் காற்றில் இருந்த கந்தகம் பட்டு அது கறுத்துவிட்டது. நான் சந்தேகப்பட்டது இதுதான். இதைச் சரிசெய்யலாம். ஹைட்ரஜன் பெராக்சைடைச் சரியான முறையில் தொட்டுவைத்தால் கறுப்பு மறுபடி வெள்ளையாகும். ஆனால் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும், வீட்டில் முயற்சி செய்யவே கூடாது. போன நீலத்துக்கு அந்த வழி இல்லை.

நீர்க்குறி பற்றி. 1794இல் ஒரு வரிச் சட்டம் வந்தது. ஏற்றுமதியாகும் தாளுக்குக் கட்டிய வரியைத் திரும்ப வாங்க வேண்டுமானால் தாளில் ஆண்டு இருக்க வேண்டும் என்றது. அதனால்தான் அன்றைய ஆங்கிலத் தாள்களில் ஆண்டு கிடைக்கிறது. உங்கள் 04 என்பது 1804. கெர்ட்டின் இறந்தது 1802.

வண்ணக்கட்டி | சனி, இரவு 7.00

ஆக, கெர்ட்டின் இல்லை. முதல் நாளே நம்பிக்கையோடு எழுதியது நான்தான். கரையோரன், என் பேச்சைக் கேட்டு நீங்கள் பணத்தைப் போட்டிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்காது. மன்னியுங்கள்.

கரையோரன் | சனி, இரவு 7.25

அதெல்லாம் வேண்டாம் அக்கா. நீங்கள் சுவரைப் பார்க்கச் சொன்னதால்தான் நான் சுவரை உற்றுப் பார்த்தேன்.

இப்போது வேறொரு குழப்பம். ஆண்டைப் பார்த்தது நானும் அந்தப் பெண்மணியும் மட்டும். அவருக்கு அதன் பொருள் உறைத்த மாதிரி தெரியவில்லை. நான் சொன்னால் விலை இறங்கும், எனக்குத்தான் லாபம். சொல்லாவிட்டால் வேறு யாரோ கெர்ட்டின் என்று நம்பி 800 கொடுக்கக்கூடும். என் லாபத்துக்காகச் சொல்வது போல ஆகிவிடுமோ என்று கூச்சமாக இருக்கிறது.

பழஞ்சந்தை | சனி, இரவு 9.30

சொல்லுங்கோ தம்பி. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. லாபம் யாருக்கு என்பது பிறகு. அந்த 800 கொடுக்கப் போகிற ஆளின் இடத்தில் நான் ஒருநாள் இருந்தேன். மின்னஞ்சலில் எழுதுங்கோ, படத்தையும் சேர்த்து அனுப்புங்கோ. நல்ல ஏலக்காரர் என்றால் அந்தப் பொருளுக்கு வரும்போது மேடையிலேயே திருத்தம் வாசிப்பார்.

அவுரிக்காடு | ஞாயிறு, காலை 8.00

அண்ணா சொன்னதுதான் சரி. விற்கிற குடும்பத்துக்கும் தங்களிடம் இருந்தது என்ன என்று தெரியட்டும்.

கரையோரன் | வியாழன், மாலை 6.15

ஞாயிறன்றே எழுதிவிட்டேன். திங்களன்று நன்றி சொல்லிப் பதில் வந்தது. இணைய அட்டவணையில் "ஆங்கிலப் பாணி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம், நீர்க்குறி 1804" என்று மாற்றினார்கள். மதிப்பீடு 150 முதல் 250. இன்று மேடையிலும் அதையே வாசித்தார்கள்.

என்னோடு தொலைபேசியில் ஒருவர் போட்டி போட்டார். 260இல் அவர் நின்றுவிட, சுத்தியல் என் பக்கம் விழுந்தது... இல்லை, சரியாகச் சொல்கிறேன்: 240இல் அவர் நின்றார், 260 என் கை. வாங்குபவர் கமிஷன் 25 விழுக்காடு, அதாவது 65. அந்தக் கமிஷன் மேல் 20 விழுக்காடு வாட் வரி, 13. மொத்தம் 338 பவுண்டு. முதல்முறை ஏலத்துக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படம் இப்போது சாப்பாட்டு மேசை மேல் இருக்கிறது. மகள் முதலில் கேட்டது, "இந்தப் பெண் கூடையில் என்ன வைத்திருக்கிறாள்?" என்றுதான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். மீன் மாதிரி தெரிகிறது.

பழஞ்சந்தை | வியாழன், இரவு 7.40

நியாயமான விலை. மனசுக்கு நிறைவாய் இருக்கிறது தம்பி. சட்டத்துக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பழைய சீட்டுகள், கடை முத்திரைகள் எதையும் பிய்க்காதேங்கோ. படத்தின் பிறப்புச் சான்று அவைதான். மாற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கோ.

தாளும்தண்ணீரும் | வியாழன், இரவு 9.00

வாழ்த்துகள். அந்தப் பழைய மவுண்ட் அட்டை அமிலம் உள்ளது, விளிம்பில் பழுப்புக் கோடு விழுந்திருப்பது அதனால்தான். முதல் வேலையாக அமிலமில்லாத பருத்தி அட்டைக்கு மாற்றுங்கள். பென்சில் பெயர் இருக்கும் பகுதியைத் தனியாக ஒரு உறையில் போட்டு வையுங்கள், அதுவும் இந்தப் படத்தின் கதையில் ஒரு பகுதி. வெயில் நேராக விழாத சுவரில் மாட்டுங்கள். அருங்காட்சியகங்களில் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் போவதில்லை. அது மங்கலான அறை, கண் கொஞ்சம் பழகினால்தான் தெரியும்.

புது மவுண்டின் ஜன்னலை எந்த அளவுக்கு வெட்டச் சொல்கிறீர்கள்? பழைய அளவிலேயே வெட்டினால் அந்த நீலப் பட்டை மறைந்து பத்திரமாக இருக்கும்.

கரையோரன் | வெள்ளி, இரவு 10.10

நேற்று ராத்திரி முழுக்க வீட்டில் இதே பேச்சுதான். மனைவி மறைத்து வைக்கலாம் என்கிறாள், மிஞ்சியிருக்கும் நீலமாவது பிழைக்கட்டும் என்று. மகளுக்கு அது வெளியே தெரிய வேண்டும்.

கடைசியில் இரண்டையும் சேர்த்து ஒரு முடிவு எடுத்தோம். ஜன்னலை ஐந்து மில்லிமீட்டர் பெரிதாக வெட்டச் சொல்கிறோம், பட்டை முழுசாகத் தெரியும். ஆனால் படத்தைச் சுவரில் நிரந்தரமாக மாட்டப் போவதில்லை. அலமாரியில் உறைக்குள் இருக்கும். வாகன் சொன்ன மாதிரி ஜனவரியில் மட்டும் ஒரு மாதம், வடக்குச் சுவரில். அக்கா, இது போதுமா?

தாளும்தண்ணீரும் | வெள்ளி, இரவு 10.35

தாராளமாகப் போதும். ஜனவரி ஒன்றாம் தேதி இங்கே ஒரு படம் பிடித்துப் போடுங்கள். அந்தப் பட்டையைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருக்கிறது.